தாபரிப்புப் பணம் கட்ட முடியாதபோது

இம்முறை காலபோக விதைப்புக்குச் சற்று முன்னர் ஒரு தகப்பன் எமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். முல்லைத்தீவுப் பக்கத்தவர். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டு, 2012 இல் அது மூடப்பட்டபோது வெளியேறிய கடைசிக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தகப்பன் வழி வயல் இன்னும் கைக்கு வரவில்லை. காணிக்குள் வன இலாகாவின் எல்லைக் கல் நிற்கிறது. மைத்துனரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறார். இடையில் கூலிக்குப் போகிறார். மனைவி கோபித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு வவுனியாவில் தாயார் வீட்டில் இருக்கிறார். நீதிமன்றம் மாதம் 12,000 ரூபா தாபரிப்புக் கட்டளை இட்டிருந்தது. ஒன்பது மாதம் கட்டவில்லை. நிலுவை 108,000 ரூபா.

“கோட்டை அவமதிச்ச குற்றமாம் சிஸ்டர். பிடியாணை வரப்போகுதெண்டு சொல்லினம். நான் கொழும்புப் பக்கம் கூலிக்குப் போயிடட்டோ?” என்று கேட்டார்.

போக வேண்டாம் என்றோம். அவருக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறோம். ஏனெனில் இதே கேள்வியோடு வருபவர்கள் இவர் ஒருவர் அல்ல.

முதலில் ஒரு தெளிவு. கட்டளைப்படி பணம் கட்டாததை எமது மக்கள் ‘நீதிமன்ற அவமதிப்பு’ என்றே பேசுகிறார்கள். அவமதிப்புக்கென 2024 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் தாபரிப்பு நிலுவையை நீதவான் சாதாரணமாக விசாரிப்பது 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ்தான். அதற்கு முன்னர் 1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நூறு வருடத்துக்கு மேலாக நடைமுறையில் இருந்தது. பழைய சட்டம் கணவனை மட்டுமே பொறுப்பாளியாக்கியது. புதியது, வசதியுள்ள துணைவர் எவரும் தன்னைத் தானே பராமரிக்க முடியாத மற்றவரைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகள் விடயத்தில் தாய் தகப்பன் இருவருக்கும் கடமை உண்டு. முஸ்லிம் தம்பதியரின் தாபரிப்பு காதி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவதால் அதன் நடைமுறை வேறு. விவாகரத்து வழக்கில் மாவட்ட நீதிமன்றம் இடும் கட்டளைகளும் வேறு. இரண்டையும் இங்கே நாம் தொடவில்லை.

பெயர் எதுவானாலும் மறியல் என்பது உண்மைதான். கட்டளையை அலட்சியம் செய்பவருக்கு, கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஒன்பது மாத நிலுவை என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் சட்டம் தண்டிப்பது அலட்சியத்தை. கையில் இருந்தும் கொடுக்காதவர் ஒருவர். கொடுக்க வழியில்லாதவர் வேறொருவர். இருவரையும் பிரித்துப் பார்க்க நீதவானுக்கு ஒரே வழி, வழியில்லாதவர் நேரில் வந்து அதைக் காட்டுவதுதான். அழைப்பாணை கிடைத்தும் வராதவர் பணம் உள்ளவரா இல்லாதவரா என்று நீதவான் எப்படி அறிவார்? வராததற்கே பிடியாணை பிறக்கும். பொலிஸ் பிடித்துக்கொண்டு வரும்போது சொல்லும் கஷ்டத்துக்கும், தானாக வந்து கூண்டில் ஏறிச் சொல்லும் கஷ்டத்துக்கும் மதிப்பு ஒன்றல்ல. அழைப்பாணை பழைய முகாம் விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருந்தால் அதையும் சொல்லலாம். ஆனால் விலாசம் மாறியதை நீதிமன்றப் பதிவாளருக்கு எழுதிக் கொடுத்திருப்பது அதைவிட நல்லது. இடம்பெயர்ந்தவர்கள் நாலு தரம் வீடு மாறுகிறோம். வழக்குக் கோவையில் விலாசம் ஒரு தரமும் மாறுவதில்லை.

“காணி போய்விட்டது, அதனால் கட்ட முடியாது” என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். ‘வசதி’ என்ற சொல்லுக்குள் கையிலுள்ள காசை மட்டுமல்ல, உழைக்கக்கூடிய உடம்பையும் சேர்த்துப் பார்ப்பது எமது நீதிமன்றங்களின் நீண்டகால வழக்கம். திடகாத்திரமான ஆள், கூலிக்குப் போகிறவர் என்றால் ஒரு சதமும் கொடுக்க ஏலாது என்ற கதை எடுபடாது. 12,000 ஏன் முடியவில்லை, எவ்வளவு முடியும் என்பதைத்தான் காட்ட வேண்டும்.

கமக்காரருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தாபரிப்பு மாதக் கணக்கு. வயல் மாதச் சம்பளம் தருவதில்லை. மாசி பங்குனியில் காலபோக வெட்டு, தண்ணீர் இருந்தால் ஆவணிப் பக்கம் சிறுபோக வெட்டு. இடையில் உரத்துக்கும் உழவுக்கும் கடன், நகை அடைவு. சம்பளக்காரர் என்றால் நீதிமன்றம் சம்பளத்திலிருந்தே கழித்துக் கொடுக்கச் சொல்லலாம். கமக்காரரிடம் சம்பளப் பட்டியலும் இல்லை, வருமானத்துக்கு அத்தாட்சியும் இல்லை. தொகையைத் தீர்மானிக்கும் முதல் நாளிலேயே இதை விளக்கியிருக்க வேண்டும். பலர் அன்றைக்கு வெட்கத்தில் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டு வருகிறார்கள். எம்மிடம் வந்தவரும் அப்படித்தான். அவ்வருடம் நெல் நல்ல விலை போனதாம்.

நிலைமை மாறினால் கட்டளையை மாற்றவும் சட்டத்தில் இடமுண்டு. பணம் கட்டுபவரோ பெறுபவரோ விண்ணப்பம் செய்து, நிலைமை மாறியதை நிரூபித்தால், நீதவான் தொகையைக் குறைக்கலாம், கூட்டலாம், கட்டளையை நீக்கவும் செய்யலாம். பயிர் வெள்ளத்தில் போன மாதமே, குத்தகைக் காணியை உரியவர் திருப்பிக் கேட்ட மாதமே இந்த விண்ணப்பத்தைப் போட வேண்டும். ஒன்பது மாதம் பார்த்திருந்து போடுபவருக்கு அந்த ஒன்பது மாத நிலுவை தானாக அழிந்து போவதில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்று கட்டுவதை நிறுத்தவும் கூடாது. மாற்றும் வரை பழைய கட்டளைதான் கட்டளை. நீதவானின் தீர்ப்பு பிழை என்று கருதுபவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குரிய காலம் குறுகியது என்பதால் உடனே சட்டத்தரணியைக் காண வேண்டும்.

எமக்கு மிகவும் மனவருத்தம் தந்தது வேறொன்று. அந்த ஒன்பது மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. மாமியார் வீட்டுக்கு நாலு மூடை நெல் ஏற்றி அனுப்பியிருக்கிறார். மூத்த பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தரம் மச்சானின் கையில் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கொடுத்துவிட்டிருக்கிறார். ஒன்றுக்கும் துண்டு இல்லை. நீதிமன்றக் கணக்கில் அவர் ஒரு சதமும் கட்டாதவர். மனைவியும் பொய் சொல்லவில்லை; நெல் வந்தது அம்மாவுக்கு என்றே அவர் நினைத்திருந்தார். பணத்தை நீதிமன்றம் சொன்ன வழியில் மட்டும் கட்டுங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நெல்லாகக் கொடுக்க இருவருக்கும் சம்மதம் என்றால் அதையும் நீதிமன்றத்தில் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். பங்குத் தந்தை முன்னிலையிலோ மத்தியஸ்த சபையிலோ பேசி ஒரு தொகைக்கு இணங்கியிருந்தாலும், நீதவான் அதை ஏற்றுப் பதியும் வரை கட்டளை மாறாது. பேச்சுவார்த்தையை நாம் என்றும் ஊக்குவிப்பவர்கள்தான். ஆனாலும் பங்கு மனையில் எழுதிய கடதாசியை நம்பி வழக்குத் தவணைக்குப் போகாமல் விட்ட ஒருவரையும் அறிவோம்.

கையில் என்ன கொண்டு போவது? கிராம அலுவலரின் கடிதம், ஆனால் ‘இவர் ஏழை’ என்ற ஒற்றை வரி உதவாது. எப்போது இடம்பெயர்ந்தார், வயல் இப்போது யார் வசம், எத்தனை ஏக்கர் செய்கிறார், பிரதேச செயலகத்தில் எந்த உதவிக்குப் பதிந்திருக்கிறார் என்று திகதிகளோடு எழுதுவித்துப் பிரதேச செயலாளரின் ஒப்பமும் பெறுவது நல்லது. கமநல சேவை நிலையத்தில் பதிந்த ஏக்கர் அளவு, பயிரழிவு அறிக்கை, அடகுச் சீட்டு, வங்கிப் புத்தகம், நோயாளி என்றால் கிளினிக் கொப்பி. இடப்பெயர்வில் தொலைந்த விவாக, பிறப்பு அத்தாட்சிகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். உள்ளதை மறைக்க வேண்டாம். கொட்டிலில் நிற்கும் லாண்ட்மாஸ்டர் மனைவிக்குத் தெரியாததா?

மனைவியின் நடத்தையைப் பழிப்பதே தமக்குள்ள எதிர்வாதம் என்று சிலர் நினைக்கிறார்கள். சோரம் போய் வாழும் துணைவருக்குத் தாபரிப்பு இல்லை என்று சட்டத்தில் உள்ளது மெய். அதை நிரூபிக்க வேண்டியவர் சொல்பவர். ஊர்க்கதை நிரூபணம் ஆகாது. பிள்ளைகளின் பங்கு எப்படியும் நிற்கும். நாம் பார்த்த அளவில் இந்தப் பேச்சு வழக்கைக் கெடுத்திருக்கிறதே தவிரத் தீர்த்ததில்லை.

கணவன்மாருக்குத் தப்ப வழி சொல்லித் தருகிறீர்களா என்று சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். இவருடைய மனைவியோடும் நாம் பேசினோம். அவரும் இடம்பெயர்ந்தவர்தான், தையல் வேலையில் கிடைப்பது பிள்ளைகளின் பஸ் காசுக்கே போதாது. “அவர் உள்ளுக்குப் போனா எனக்கு என்ன வரும் சிஸ்டர்? மாதா மாதம் எவ்வளவு வரும் எண்டு ஒழுங்காத் தெரிஞ்சாப் போதும்” என்றார். அவர் கேட்பதும் கணவர் வந்து சொல்வதைத்தான்.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. பல நீதிமன்ற வளவுகளுக்குள்ளேயே அலுவலகம் உண்டு. வருமானத்தைக் கேட்டறிந்த பின்னரே வழக்கை ஏற்பார்கள்.

அந்தத் தகப்பன் தவணைக்குப் போனார். வெறுங்கையோடு போகாமல் 15,000 ரூபாவும் கொண்டு போய்க் கட்டினார். மைத்துனர் முற்பணமாகக் கொடுத்த காசு அது. கடிதங்களைச் சட்டத்தரணி காட்டினார். மீதி 93,000 ரூபாவில் மாதம் 3,000 வீதமும், வெட்டு முடிந்ததும் ஒரு பெருந்தொகையும் கட்ட நீதவான் தவணை கொடுத்தார். தொகையைக் குறைக்கும் விண்ணப்பம் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதுவரை மாதம் 12,000 தான், நிலுவையோடு 15,000. சென்ற மாதம் 2,000 குறைந்துவிட்டது. அதைச் சொல்வதற்கும் தவணைக்குப் போனார். அடுத்த தவணை பங்குனியில், வெட்டுக்குப் பிறகு.