வெற்றுப் பக்கத்தில் வைக்கும் ரேகை

போன சுதந்திர தினத்தன்று எங்கள் ஊர்க் கோயில் வேப்பமரத்தடியில் கிராம சபை. வருகைப் பதிவேட்டோடு தடித்த நோட்டு ஒன்றையும் நீட்டி, "ஆயா, இங்க ஒரு ரேகை வை" என்றார் ஒருவர். ஆயாவும் வைத்தார். ரேகைக்கு மேலே ஒரு எழுத்துகூட இல்லை. பின்னால் வரிசையில் நின்ற நான் என் கண்ணால் பார்த்தேன். தெருக்குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத்தான் ஆயா வந்திருந்தார். பிறகு நகல் வாங்கிப் பார்த்தால், குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் ரேகை மட்டும் இருந்தது.

அந்த நோட்டுதான் தீர்மானப் புத்தகம். ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. கிராம சபையோ தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் கொடுத்த இடம் இது. 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தபோதும், ஊரார் கணக்குக் கேட்க மிஞ்சியிருந்த இடம் இதுதான்.

கிராம சபையின் சொல்லுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு ஓர் உதாரணம்: ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டும் விஷயத்தைக் கிராம சபைகளிடமே விடும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 சபைகளும் மறுத்தன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டத்தின் பலமும் சேர்ந்திருந்தது. நம் ஊர்த் தீர்மானம் எல்லாவற்றையும் அப்படித் தடுத்துவிடாது. ஆனால் எழுத்தில் ஏறாத கோரிக்கைக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

கையெழுத்துக்கு ஏன் இத்தனை அவசரம்? கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 10,000 பேரைத் தாண்டினால் 300 பேர் வந்தாக வேண்டும். அந்தக் கணக்கை நிரப்பத்தான் கூட்டம் தொடங்குமுன்பே நோட்டு சுற்றி வருகிறது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால், பின்னால் அங்கே எழுதப்படும் எல்லாவற்றுக்கும் நீங்கள் சம்மதித்தவர் ஆகிறீர்கள். நடக்காத பணிக்கு நிதி ஒதுக்குவதும், தகுதியில்லாதவரைப் பயனாளியாக்குவதும் உங்கள் பெயரால் நடக்கும்.

வருகைப் பதிவேட்டில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். தீர்மானப் புத்தகத்தில், எழுதி வாசித்த பிறகு, கடைசி வரியை ஒட்டியே போடுங்கள். கோரிக்கையை முன்கூட்டியே மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். மனுவை வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் எழுதிக் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆட்சியர்தான். தீர்மான நகலுக்கு, வெள்ளைத்தாளில் தகவல் உரிமை மனு எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நான் அந்த நகலை வாங்கியது இப்படித்தான்.

அக்டோபர் 2 அன்று அதே வேப்பமரத்தடி. மை தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, "மொதல்ல எழுதிப் படி, அப்புறம் வைக்கறேன்" என்றார் ஆயா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எழுதினார்கள், படித்தார்கள். 11ஆவது தீர்மானம்: தெருக்குழாய்.