உள்ளே வாங்க, சாயத் தொட்டி திறந்திருக்கு!

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இடப்பக்கம் இருக்கிற வாளியை மட்டும் தட்டிவிடாதீர்கள். அதற்குள் துருப்பிடித்த ஆணிகள் மூன்று வாரமாகக் காடியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. என் அக்காவைக் கேட்டால், வீட்டிலேயே விலை மதிப்பான பொருள் அந்த வாளிதான் என்பாள்!

இது பினாங்குத் தீவின் வடமேற்கு மூலை, தெலுக் பஹாங். அக்கா வீட்டுப் பின்கட்டு. நான் பீடோரிலிருந்து இருட்டோடு கிளம்பி, தாப்பா ரோட்டில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரி பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தேன். பையைத் திறந்து காட்டட்டுமா? நான்கு கிலோ கொய்யா இலை. அம்மா தைத்துக் கொடுத்த துணிக் கட்டங்கள் ஒரு கட்டு. அடியில் நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலத்தை இப்போது பிரிக்க மாட்டேன், கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்த மாதம் அண்ணனுக்கு முதல் குழந்தை பிறக்கப் போகிறது. அந்தக் குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தயாராகிறது. ஆறு அங்குலக் கட்டங்கள் 66. மூன்றடி அகலம், ஐந்தரை அடி நீளம். நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு வைத்தால் பிள்ளை புழுங்கிப்போகும் என்பதால், நடுவில் பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு. சாயம் போடுவது பினாங்கில், தைப்பது பீடோரில். துணியைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடுவது நான்!

சரி, தொட்டிக்குப் போவோம். மூடியைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். அழுகின வாழைப்பழ வாடை அடிக்கிறதா? அது வாழைப்பழமேதான்! அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கச் சுண்ணாம்பும் பழச்சர்க்கரையும் வேண்டும். நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, சர்க்கரை மூன்று. மிஷேல் கார்சியா என்ற பிரெஞ்சுக்காரர் பரப்பிய கணக்கு இது. இன்று உலகமெங்கும் சாயம் போடுகிறவர்கள் இதை வாய்ப்பாடு போல் சொல்கிறார்கள். அக்காவின் நீலம் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தது. சுண்ணாம்பு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வெற்றிலையோடு விற்கிற அதே சுண்ணாம்பு. சர்க்கரைக்குத் தோல் கறுத்த பிசாங். வெற்றிலைப் பெட்டியும் பழக்கூடையும் சேர்ந்து சாயப்பட்டறை ஆகிவிட்டன!

மேலே செம்புத் தகடு போல் பளபளக்கிற ஏட்டைப் பாருங்கள். அதை விலக்கினால் தண்ணீர் நீலமாகவே இருக்காது, மஞ்சள் கலந்த பச்சை. அக்கா நனைத்த துணியை மெதுவாக இறக்கி, குமிழி வராமல் பிடித்து, ஐந்து நிமிடம் வைத்திருந்து எடுக்கிறாள். துணி பச்சை! வாழைக் குருத்துப் பச்சை! அக்கா பிள்ளைகள் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நிறம் ஓடத் தொடங்குகிறது. மயில் கழுத்து, பிறகு கடல், பிறகு நீலம்.

"சித்தி, மாறுது, மாறுது!"

நான் இதைப் பத்துப் பதினைந்து முறை பார்த்திருப்பேன். இன்றும் நான்தான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

பக்கத்து அடுப்பில் கொய்யா இலை கொதிக்கிறது. பீடோர் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்ச் சடக்கோரக் கடைகளில் கொய்யாவும் பெத்தாயும் மலை மலையாகக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் வாத்து மீ சாப்பிட்டு, கோழி பிஸ்கட் வாங்கி, கையோடு ஒரு பை கொய்யாவும் எடுத்துப் போவார்கள். இலையை யாரும் கேட்பதில்லை. அந்த இலை முழுக்கத் துவர்ப்பு. ஒரு மணி நேரம் கொதித்தால் தண்ணீர் 'தே ஓ' நிறத்துக்கு வந்துவிடும். பருத்தி நூல் படிகாரத்தைச் சுலபத்தில் பிடித்துக்கொள்ளாது. முதலில் துவர்ப்பு ஏறினால்தான் படிகாரம் தங்கும், படிகாரம் தங்கினால்தான் சாயம் நிற்கும். சோழமண்டலக் கரையில் நம் முன்னோர்கள் கடுக்காயையும் எருமைப்பாலையும் வைத்துச் செய்த வேலையை எங்கள் பீடோர்க் கொய்யா செய்கிறது!

கடுக்காய் ஏற்றிய அந்தத் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்தது சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மணலைத் தோண்டி எடுத்த வேர் அது. கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்த சோழமண்டலத் துணியில் ஒன்று இங்கே பெயரோடு தங்கிவிட்டது. மலாய்க்காரர்கள் கட்டுகிற கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு! தொழுகைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெரியவரின் இடுப்பில் ஒரு தமிழ் ஊர் இருக்கிறது. இதை அக்கா சொன்ன நாளிலிருந்து, கைலி கட்டியவர் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு பூத்துவிடுகிறது.

அந்தத் துருவாளி ஞாபகம் இருக்கிறதா? கொய்யா நீரில் ஊறிய இளமஞ்சள் துணியை அந்த ஆணித் தண்ணீரில் ஒரு தோய் தோய்த்தால், கண் மூடித் திறப்பதற்குள் மழைமேகச் சாம்பல் ஆகிவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்து எழுதும் மை செய்த முறையும் இதுதான்.

இவ்வளவும் நடக்கிற இடம் ஒரு குடும்பம் குடியிருக்கிற வீடு என்பதை மறந்துவிடாதீர்கள். சிவப்பு நாடா கட்டிய சட்டி சாயத்துக்கு, நாடா இல்லாதது சமையலுக்கு. இதில் மட்டும் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். மாமா வேலை முடிந்து வந்தால் முதலில் அடுப்பை எட்டிப் பார்த்து, "இது குழம்பா, சாயமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவார். கொடியில் பள்ளிச் சீருடைக்கும் நீலத் துணிக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி எப்போதும் உண்டு. ஒரு நாள் அந்த இடைவெளி தவறியது. முதலாம் ஆண்டு படிக்கிற சின்னவனின் வெள்ளைச் சட்டை முதுகில் ஐந்து விரலும் பதிந்த நீலக் கை! அக்கா அந்தச் சட்டையை வீசவில்லை. போர்வையில் நாலாவது வரிசையில் அந்தக் கை இருக்கிறது. தம்பியோ தங்கையோ பிறந்ததும் அதன் மேல் தன் கையை வைத்துப் பார்க்கப் போவதாகச் சின்னவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

அக்காவுக்கு இந்தப் பித்து பிடித்தது பத்து ஃபெரிங்கியில். பக்கத்து ஊர்தான். சுவா தியன் தெங் என்ற ஓவியரின் யாஹோங் காட்சிக்கூடம் அங்கே இருக்கிறது. பாத்திக் துணி வியாபாரம் கைகொடுக்காமல் போக, அதே மெழுகையும் சாயத்தையும் எடுத்து 1950-களில் ஓவியம் வரைய ஆரம்பித்தவர் அவர். 1968-இல் அவருடைய படம் ஒன்றை யுனிசெஃப் வாழ்த்து அட்டையாகப் போட்டது. 2008-இல் காலமானார். அவர் பிள்ளைகளும் பாத்திக் ஓவியர்கள். தகப்பன், பிள்ளைகள், மெழுகுச் சட்டி எல்லாம் ஒரே தீவில் ஒரே குடும்பமாக இருந்ததைக் கேட்டபோது அக்காவுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பொட்டலம்!

பிரிக்கிறேன். அம்மாவின் நீளக்கைச் சட்டை. பீடோருக்கு வெளியே ஒரு தோட்டத்தில், பெரட்டுக்கு விடியுமுன் போய் நின்று, பால் வெட்டிய காலத்துச் சட்டை. தோட்டம் செம்பனையாக மாறி, லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வந்தபோது இரும்புப் பெட்டியில் இதுவும் வந்தது. அம்மா எந்தத் துணியையும் எறிய மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் துணி கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன பாட்டி, ஒரு சாண் துணியைக்கூட மடித்து வைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளை அவர். கைலிக் கிழிசல், ஆயாக் கொட்டகையில் நாங்கள் தூங்கிய தூளிச் சேலை, அப்பாவின் வேட்டிக் கரை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. இந்தச் சட்டையைத் தரத்தான் மூன்று நாள் யோசித்தார்.

"கறை போகாதுடி. கித்தாப் பால் பட்டா பட்டதுதான்."

போகக் கூடாதென்றுதான் நாங்கள் வேண்டிக்கொண்டிருந்தோம்! முன்பக்கத்தை ஆறு அங்குலக் கட்டமாக வெட்டி, நனைத்து, அக்கா தொட்டிக்குள் இறக்கினாள். ஒரு தோய், இரண்டு, மூன்று, நான்கு. அலசி வெயிலில் பிடித்தபோது பின்கட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. துணி முழுதும் நள்ளிரவு நீலம். பால் தெறித்த இடமெல்லாம் சாயம் ஏறாமல், தேன் நிறப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. பெரியது நகக்கண் அளவு, சிறியது கடுகளவு. வாளியிலிருந்து தெறித்தது தெறித்தபடி, இடமிருந்து வலமாகச் சாய்ந்து போகிறது. பாத்திக்காரர்கள் மெழுகை உருக்கி, சந்திங் குழலால் வரைந்து செய்கிற காரியத்தை, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடிய அம்மா தெரியாமலே செய்து வைத்திருக்கிறார்!

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பட்டுத்துணியில் படம் வரைகிறவர்கள் சாயம் பரவாமல் இருக்கக் கோடு இழுக்கிற பசைக்கு 'கட்டா' என்று பெயர். நம் காட்டுத் தாபான் மரத்துப் பாலான 'கெத்தா பெர்ச்சா'விலிருந்து வந்த பெயர் அது. 1851-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையும் அந்தப் பால்தான். கெத்தா என்பது நாம் சொல்கிற கித்தா. பெர்ச்சா? மலாயில் பெர்ச்சா என்றால் துண்டுத்துணி! ஒட்டுத்துணிக்கே இங்கே காயின் பெர்ச்சா என்றுதான் பெயர். போதாதென்று சுமத்ராத் தீவின் பழைய மலாய்ப் பெயரும் புலாவ் பெர்ச்சா. கித்தா, கந்தல் துணி, தீவு மூன்றும் சேர்ந்து அக்காவின் கையில் சொட்டிக்கொண்டு நிற்கின்றன!

ஏன் 66 கட்டம் என்று கேட்கவில்லையே? 1942-இல் சிங்கப்பூர்த் தீவில், சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள், எத்தல் மல்வனி என்ற கனடாக்காரர் சொல்லிப் போர்வைகள் தைத்தார்கள். கையில் கிடைத்த துணியில் ஆளுக்கொரு கட்டம். தன் பெயர், ஒரு பூ, வீட்டின் நினைவு. மதிலுக்கு அந்தப் பக்கம் அடைபட்டிருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல அதுவே வழி. ஒவ்வொரு போர்வையிலும் 66 கட்டம். இரண்டு இன்று கான்பெராவின் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தில். அதே நேரத்தில் பேராக் தோட்டம் ஒன்றில் சாக்கு கட்டிக்கொண்டிருந்த எங்கள் பாட்டிக்கு ஊசியும் இல்லை, நூலும் இல்லை. அதனால் எண்ணிக்கையை அந்தப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம், துணியைப் பாட்டி சேர்க்கச் சொன்னதிலிருந்து.

சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோவில் கட்டத்தைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை மூக்கருகே கொண்டுபோனார். நெடுநேரம் திரை முழுக்க அவருடைய ஒரு கண்தான் தெரிந்தது.

"இது வெள்ளாவிக்குப் போனாலும் போகாத கறையாச்சே," என்றார். பிறகு, "தலைமாட்டுல வைக்காதீங்க, பிள்ளைக்கு உறுத்தும். கால்மாட்டுல வை."

"நடுவுல வைக்கலாம்மா!" என்று அக்கா கெஞ்சினாள்.

"கால்மாட்டுல வச்சாத்தான் பிள்ளை படுத்துக்கிட்டே பார்க்கும்."

இதுவரை 61 முடிந்திருக்கிறது. மிச்சம் ஐந்து இன்றிரவு கொடியில் காயும். மழை வந்தால் மாமா எழுந்து எடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை ஃபெரியில் நான் பீடோருக்குத் திரும்புகிறேன், அம்மா இப்போதே மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டாராம்.