வாடிக்கையாளரைக் கேட்டுக் கொள்முதல்: செல்போனில் ஒரு கேள்விப் படிவம்

தீபாவளிச் சரக்குக்குச் செவ்வாய்ப்பேட்டைக்கோ லீ பஜாருக்கோ போய் நிற்கும்போது நம் கையில் இருப்பது போன வருடத்துக் கொள்முதல் நோட்டும் ஓர் அனுமானமும்தான். அனுமானம் பலித்தால் லாபம். தவறினால் பொங்கல் வரைக்கும் கடலை மாவு மூட்டை வண்டு பிடித்துக் கிடக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடும்போதே செல்போன் நம்பரைக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நம்பரை வைத்து, எந்த வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் போகிறது என்று அவர்களால் கணக்கெடுக்க முடியும். நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கான கருவியும் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது.

1990களின் பிற்பகுதியில் வலைப்பக்கம் தயாரிக்க மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஃபிரண்ட்பேஜ் என்ற மென்பொருளைப் பலரும் பயன்படுத்தினார்கள். அதில் கேள்விப் படிவம் வரைவது எளிது. வந்த பதில்களைச் சேர்த்து வைக்கத்தான் அதற்கென்று தயார் செய்த வேறொரு கணிப்பொறி தேவைப்பட்டது. மளிகைக் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகாத சங்கதி. 2006இல் ஃபிரண்ட்பேஜ் நிறுத்தப்பட்டது. 2008இல் கூகுள் நிறுவனம் தன் கணக்குத் தாளோடு சேர்த்துப் படிவம் செய்யும் வசதியைக் கொடுத்தது. இன்று கூகுள் ஃபார்ம்ஸ் என்று நாம் சொல்வது அதுதான். ஜிமெயில் கணக்கு ஒன்று இருந்தால் போதும். பதில்கள் வரிசையாகக் கணக்குத் தாளில் வந்து உட்கார்ந்துவிடும்.

செய்முறை பெரிய வித்தையல்ல. செல்போனில் குரோமைத் திறந்து கூகுள் ஃபார்ம்ஸ் என்று தேடி உள்ளே போய், புதுப் படிவம் எடுத்து, தலைப்பில் கடையின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு பதிலை மட்டும் தேர்ந்தெடுப்பது, பல பதில்களில் டிக் செய்வது, சொந்தமாக எழுதுவது என்று கேள்விக்கு மூன்று வகை போதும். முடித்தபின் படிவத்தைப் 'பப்ளிஷ்' செய்ய வேண்டும். இணைப்பு கிடைத்த எவரும் பதில் தரலாம் என்ற அமைப்பு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் பதில் சொல்பவரும் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். பாதிப் பேர் அதிலேயே திரும்பிவிடுவார்கள் என்பதால் அது நமக்கு வேண்டாம்.

படிவம் செய்ய அரை மணி நேரம் ஆகும் என்றால், கேள்வி எழுத ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். "நாட்டுச் சர்க்கரை வைத்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் வாங்குவோம் என்றுதான் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். அதை நம்பிச் சரக்கு எடுக்க முடியாது. நடந்து முடிந்ததைத்தான் கேட்க வேண்டும். மத்திய அரசு குடும்பங்களின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கையாளும் முறை இதில் நமக்கு நல்ல பாடம். 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த அந்தக் கணக்கெடுப்பில் அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு போன்றவற்றுக்குக் கடந்த 30 நாள் கணக்கும், முட்டை, சமையல் எண்ணெய், காய்கறி, மசாலாச் சாமான்களுக்குக் கடந்த 7 நாள் கணக்கும் கேட்டார்கள். அடிக்கடி வாங்குவதை ஒரு மாதத்துக்கு நினைவு வைத்திருக்க யாராலும் முடியாதல்லவா?

ஆகவே நாமும், "கடந்த 7 நாளில் எத்தனை முட்டை வாங்கினீர்கள்?" என்றே கேட்கலாம். பதில்களை 'வாங்கவில்லை, 1 முதல் 6, 7 முதல் 12, 13 முதல் 30, 30க்கு மேல்' என்று பிரிக்கலாம். '5 முதல் 10, 10 முதல் 15' என்று பிரித்தால், பத்து வாங்கியவர் எதில் டிக் செய்வார்? அதேபோல, "விலையும் தரமும் திருப்தியா?" என்பது இரண்டு கேள்வி. தரம் பிடித்து, விலை பிடிக்காதவர் என்ன சொன்னாலும் நமக்குப் பயன்படாது.

அடுத்து, எங்கே வாங்கினார்கள் என்பது. நம் கடை, வேறு மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட், வாரச் சந்தை, செல்போன் செயலி ஆகியவற்றோடு ரேஷன் கடையையும் சேர்க்க மறக்கக் கூடாது. அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் எல்லாம் அங்கே கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு எதற்கும் உதவாது. ஒரே வீடு இரண்டு மூன்று இடங்களில் வாங்கும் என்பதால் இதற்குப் பல பதில் டிக் செய்யும் வகைதான் பொருத்தம்.

ஒரே ஒரு கேள்வியைச் சொந்தமாக எழுதும்படி விட வேண்டும்: "நம் கடையில் கேட்டுக் கிடைக்காமல் போன சாமான் எது?" நம்மைக் கேட்டால், மொத்தப் படிவமும் இந்த ஒரு கேள்விக்காகவே என்போம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வராமல், கடைப் பையனிடம் கேட்டு, 'இல்லைங்க' என்ற பதிலோடு திரும்பிப் போன வியாபாரம் இதில்தான் தெரியவரும். பதில்களைக் கையால்தான் எண்ண வேண்டும். ஒருவர் ஜவ்வரிசி என்பார், ஒருவர் சவ்வரிசி என்பார், ஒருவர் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார். இயந்திரம் மூன்றையும் மூன்று சாமானாக எண்ணிவிடும். ஜவ்வரிசி ஊரான சேலத்தில், அவர் கேட்டது நைலான் ஜவ்வரிசியா மாவு ஜவ்வரிசியா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மொத்தம் ஆறு கேள்விக்கு மேல் போகக் கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

இனி, யார் பதில் சொல்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்டது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் வெற்றி பெறுவார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் கைப்பற்றினார். முகவரிகளில் பெரும்பகுதியை டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பதில் போட்டவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். அந்தக் காலத்து டெலிபோன் புத்தகத்தைப் போன்றதுதான் இன்று நமது வாட்ஸ்அப் பட்டியல்.

பள்ளிபாளையத்திலோ எடப்பாடியிலோ வாரக் கூலி வாங்கிக்கொண்டு வந்து சாமான் எடுக்கும் தறித் தொழிலாளி அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டப் போன கணவரிடம் செல்போன் இருக்க, கடைக்கு வருவது மனைவியாக இருக்கும். பேரனிடம் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பும் அம்மாவிடம் சாதாரண போன்தான் இருக்கும். இவர்களை விட்டுவிட்டால் சின்ன பாக்கெட், சில்லரைச் சரக்கு எல்லாம் தேவையில்லை என்றே முடிவு வரும். அதை நம்பிய கடை, தன் பாதி வியாபாரத்தை இழக்கும். எனவே படிவத்தை இன்னொரு பிரதி எடுத்து, 'கடையில் கேட்டது' என்று பெயரிட்டு, நேரில் கேட்டு நிரப்ப வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பற்று வைத்திருக்கும் அம்மா, எண்ணெயை வேறு கடையில் வாங்கினேன் என்று நம் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். பேர் எழுதாத சீட்டைக் கொடுத்து ஒரு டப்பாவில் போடச் சொல்லி, பிறகு நாம் படிவத்தில் ஏற்றிக்கொள்வதே மேல்.

பேரும் போன் நம்பரும் நமக்குத் தேவையே இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. வாங்கி வைத்த விவரத்துக்கு நாம் பொறுப்பாளி ஆகிறோம். வாங்காத விவரத்துக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.

கேட்கும் நேரமும் பார்க்க வேண்டும். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் 'கடந்த 7 நாள்' என்று கேட்டால் வெல்லமும் மாவும் ஊரெல்லாம் ஓடுவதாகத் தெரியும். பண்டிகை இல்லாத மாதத்தில் முதல் வாரம் ஒரு தடவை, கடைசி வாரம் ஒரு தடவை கேட்டால் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசமும் தெரியவரும்.

பதில்களைப் படிப்பதில் நிதானம் தேவை. 40 பேர் பதில் சொல்லி, 21 பேர் இதையும் 19 பேர் அதையும் கேட்டிருந்தால் இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். 30 பேர் ஒரே சாமானைச் சொல்லியிருந்தாலும் முதலில் 5 கிலோ வாங்கி வைத்துப் பார்த்த பிறகே மூட்டைக்குப் போகலாம். கணக்கெடுப்பு முடிந்ததும், பதில் ஏற்பதை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, 'நீங்கள் கேட்ட சாமான்கள் வந்துவிட்டன' என்று கடை வாசல் பலகையில் பட்டியல் எழுதி வைக்க வேண்டும். கேள்விகளை அப்படியே வைத்திருந்தால் தை பிறந்து பண்டிகை ஓய்ந்ததும் அதே படிவத்தைத் திறந்துவிடலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது கூடியது, எது குறைந்தது என்று பார்க்கலாம்.