ஒரு வெள்ளி மருந்தும் அதன் உண்மை விலையும்



அரசாங்கச் சுகாதார நிலையத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்குகிறோம். குடிமக்களாகிய நாம் கட்டுவது ஒரு வெள்ளி. பட்டணத்துக் கிளினிக்கில் அதே மாத்திரைக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை இன்று பார்ப்போம்.

ஒரு வெள்ளி என்பது மருந்தின் விலையன்று. அரசாங்கம் மருந்தை மொத்தமாக வாங்குகிறது. நாம் கொடுத்ததற்கு மேல் ஆகும் செலவை நாட்டின் வரிப்பணம் ஏற்கிறது. பல நிறுவனங்கள் ஒரே மருந்தைச் செய்தால் அவை போட்டியிட்டு விலையைக் குறைக்கும். ஆனால், புதிதாகக் கண்டுபிடித்த மருந்துக்குக் காப்புரிமை உண்டு. அந்தக் காலம் முடியும்வரை ஒருவரே விற்கலாம். அவர் சொன்னதே விலை.

கல்லீரல் அழற்சி 'சி' நோய்க்கான சோபோஸ்புவிர் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 2013இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாரத்துக்கு 84 மாத்திரை. அதாவது 84,000 டாலர். எல்லா நாட்டிலும் இதே விலை இல்லை. ஆயினும், நோயாளிகள் பலருக்கு அரசாங்கச் செலவில் கொடுக்க முடியாத விலையாகவே நம் நாட்டிலும் இருந்தது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தியது. அதே மருந்தை வேறு நிறுவனங்களிடமிருந்து குறைந்த விலையில் வாங்க வழி பிறந்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஒருவருக்கான மருந்துச் செலவு சில நூறு டாலருக்குள் அடங்கியது. முந்நூறு டாலர் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: அமெரிக்க விலையில் ஒருவருக்கு ஆகும் பணத்தில் 280 பேருக்கு மருந்து கொடுக்கலாம். விலை இறங்கினால் நாட்டின் மொத்தச் செலவும் இறங்கும் என்று சொல்வதற்கில்லை. முன்பு மருந்தே கிடைக்காதவர்களும் இப்போது வாங்குவார்கள். அந்தச் செலவை நான் நட்டம் என்று சொல்லமாட்டேன்.

இனித் தனியார் கிளினிக்கைப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் விதிகள் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் கட்டணத்தை 10 முதல் 35 வெள்ளி வரை என்று வரையறுத்தன. பல ஆண்டுகள் அது மாறவில்லை. கடை வாடகையும் தாதியர் சம்பளமும் ஏறிக்கொண்டே போயின. மருந்து விலைக்கோ உச்சவரம்பு இல்லை. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலில் பாயுமல்லவா? கிளினிக்குகள் மருந்தின் இலாபத்தைக் கொண்டு ஈடுகட்டின. மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால், மூன்று நாள் கூலியை மருந்துக்குக் கொடுத்துவிட்டு, மாத்திரையைப் பாதியாக முறித்து விழுங்கும் மூதாட்டியை நம் தோட்டங்களில் நானே பார்த்திருக்கிறேன். முறித்த மாத்திரையால் அழுத்தம் வேண்டிய அளவு குறையாமல் போகலாம். பிறகு பக்கவாதம் வந்தால், அந்தப் பெருஞ்செலவும் அரசாங்க மருத்துவமனையின் தலையில்தான் விழும்.

2025 மே முதல் நாள் தொடங்கி, தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்தது. மருத்துவர்கள் சிலர் அதே மாதம் புத்ராஜெயாவில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒன்றை மறக்கலாகாது: இந்த ஆணை விலையைக் குறைக்கவில்லை, காட்டச் சொல்கிறது. ஒரே மருந்தகம் உள்ள சிறு ஊரில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடை ஏது? பட்டணத்தில் நிலைமை வேறு. மருந்துச் சீட்டை மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி, இரண்டு மருந்தகங்களில் விசாரிக்கலாம். "இதே மூலப்பொருள் உள்ள வேறு நிறுவன மாத்திரை இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப்பெயர். மூலப்பொருளின் பெயர் அதன் அருகே சிறிய எழுத்தில் இருக்கும்.