எச்சரிக்கை விளக்கும் உப்புக் காற்றும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியே வேலணைக்குச் செல்லும் வீதியின் இரு மருங்கும் கடல்நீரேரியே. இரவில் அவ்விடத்தில் ஒரு வான் பழுதுபட்டு நின்றுவிடுமாயின், ஒதுங்க இடம் அரிது. பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு அது நிற்பதை உணர்த்துவன, நான்கு மூலைகளிலும் ஒருசேர மினுங்கும் செம்மஞ்சள் விளக்குகளே. ‘ஹசாட் லைற்’ என்று சாரதிகள் வழங்கும் இவ்விளக்குகள் மாதக்கணக்கில் தீண்டப்படாமல் கிடப்பவை. ஆதலால் அவை எரியாத செய்தி, தேவைப்படும் இரவிலேதான் தெரியவருகிறது.

குடாநாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் பழைய வகைகளில் மினுங்கும் விளக்கே கிடையாது. கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று எழுந்து திரும்பும் திசையைக் காட்டும். மொறிஸ் மைனரில் 1961 இலேதான் அக்கை நீங்கி விளக்கு வந்தது. 1990 களில் பெற்றோல் கிடையாத நாட்களில் இதே கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அத்தகைய கைவன்மை படைத்த ஊரில், விளக்கு மினுங்கவில்லை என்றதும் ‘பிளாஷர்’ கருவியைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதை வாங்கும் வழக்கம் இருப்பது வியப்பே.

கருவியைக் குறை கூறுமுன், எது எரிகிறது என்று பார்த்தல் வேண்டும். திருப்பச் சமிக்ஞை சாவி போட்ட பின்னரே மின் பெறும். எச்சரிக்கை விளக்கோ சாவியின்றியும் எரியவேண்டியது. ஆகவே பெரும்பாலான வாகனங்களில் இரண்டுக்கும் உருகி வேறு. சமிக்ஞை ஒழுங்காக மினுங்கி, எச்சரிக்கை மட்டும் எரியாதிருப்பின், குறை அதன் உருகியிலோ சுவிச்சிலோ இருக்கும். நெடுநாள் அழுத்தப்படாத சுவிச்சின் உள்ளே களிம்பு படியும். பத்து இருபது முறை அழுத்தி விட்டாலே சில வேளை வழிக்கு வந்துவிடும். எல்லா விளக்குகளும் எரிந்தபடியே நின்று மினுங்காவிடிற்றான் பிளாஷர்மீது ஐயங்கொள்வது முறை. ஒரு பக்கம் மட்டும் விரைந்து மினுங்கினால், அப்பக்கத்து மின்குமிழ் ஒன்று எரியவில்லை என்பது பொருள்.

குடாநாட்டுக்கே உரிய நோய் வேறொன்று. மின்குமிழுக்கு மின் ஒரு கம்பியால் வருகிறது. திரும்பிச் செல்வதோ வாகனத்தின் இரும்பு உடல் வழியாக. அந்தப் புவித்தொடுப்பு ஆணியின்கீழ் உப்புக் காற்றினால் துரு ஏறினால், மின்னுக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது. அப்பொழுது அது அயலிலுள்ள சிவப்பு விளக்கின் இழை வழியே வளைந்து செல்லும். மஞ்சள் விளக்கு மங்க, சிவப்பு விளக்கும் உடன் மினுங்கும். இதனைக் கண்டால் பிளாஷரைத் தொடவே வேண்டாம். விளக்குப் பிடியின் புவித்தொடுப்பிலிருந்து பற்றரியின் எதிர்முனைக்குத் தனிக் கம்பியொன்றைத் தொடுத்துப் பார்க்க, விளக்கு பளிச்சிட்டால் நோய் உறுதி. ஆணியைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை அரத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே கிறீஸ் பூசினால் போதும்.

உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால் எங்கோ கம்பி உரசுகிறது. அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவோர் உளர். அடுப்பும் மண்ணெண்ணெயும் படுக்கையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமத்துக்குப் புறப்படும் வானில் அது தீயை உடன் ஏற்றிச் செல்வதற்கு ஒப்பாகும்.

அவ்வாறு வீட்டையே ஏற்றிச் செல்வோர் கவனிக்க வேண்டிய கணக்கொன்றும் உண்டு. 21 வாற்று மின்குமிழ்கள் நான்கும் சேர்ந்து 84 வாற்று. 12 வோல்ற்றில் அது 7 அம்பியர். பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி மூன்றரை அம்பியர். 45 அம்பியர்-மணிப் பற்றரி புதிதாயினும், வீதியோரத்தில் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு உறங்கினால், விடியும்போது எஞ்சினைச் சுழற்ற அதில் வலு எஞ்சியிராது.