நேராக வெட்டினால் போதாது, மூலையும் சேர வேண்டும்

வீட்டுக்கு வேண்டிய அலமாரியைத் தாங்களே செய்து பார்ப்போர் பலருக்கும் வரும் தொல்லை இது. கதவு மேல் மூலையில் உரசும்; கீழ் மூலையில் இடைவெளி தெரியும். உடனே கீலைக் குறை சொல்வார்கள். உண்மையில் தவறு பலகையை வெட்டிய அன்றே நடந்திருக்கக்கூடும். விளிம்பு நேராக இருந்திருக்கும். மூலை செங்கோணமாக இருந்திருக்காது.

வீவக வீடுகளில் பெரிய மேசை ரம்பம் வைக்க இடமில்லை. அதனால் வழிகாட்டிப் பட்டையுடன் வரும் கை மின்ரம்பம் பலருக்குக் கைகொடுக்கிறது. நீண்ட அலுமினியப் பட்டையைப் பலகைமீது வைத்து, அதன்மேல் ரம்பத்தை ஓட்டினால் வெட்டு நூல் பிடித்தாற்போல் வரும். ஜெர்மனியில் 1960களில் அறிமுகமான இந்த முறை இன்று பல நிறுவனங்களின் கருவிகளில் உள்ளது.

ஆனால், பட்டை நேர்கோட்டை மட்டுமே தரும். பலகையின் விளிம்புக்கு அது 90 பாகையில் கிடக்கிறதா என்பது வைப்பவரின் கையில் உள்ளது. அந்தப் பொறுப்பை ஏற்பதுதான் மூலைமட்ட ஜிக்.

அமைப்பு எப்படி?

பெரும்பாலான பட்டைகளின் அடியில் திருகு மாட்டும் பள்ளம் ஓடும். ரம்பத்தின் பல் படாத பக்கத்தில், அந்தப் பள்ளத்தில் இரண்டு திருகுகளால் ஜிக்கைப் பிணைக்க வேண்டும். ஜிக்கின் அடியில் நேரான கட்டை ஒன்று இருக்கும். அது பலகையின் விளிம்பில் அழுந்தி நின்றால், பட்டை தானாகவே செங்கோணத்தில் அமரும்.

இங்கே கட்டையின் நீளம்தான் முக்கியம். பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் மரத்தூள் சிக்கியதாகக் கொள்வோம். கட்டை 150 மில்லிமீட்டர் என்றால், 1,220 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளைவுட்டின் மறுகோடியில் வெட்டு 4 மில்லிமீட்டர் விலகும். கட்டை 300 மில்லிமீட்டர் என்றால் விலகல் பாதியாகும். தூள் சிக்காமலிருக்கக் கட்டையின் மேல் ஓரத்தில் சிறு பள்ளம் சீவிவிடுவது நல்லது.

கட்டையின் ஒரு முனையில் உள்ள திருகு, கீல் போலச் சுழல இடம் தர வேண்டும். மறுமுனைத் திருகுக்கு நீளமான துளை வேண்டும். கோணத்தைச் சரிசெய்தபின் இரண்டையும் இறுக்கலாம்.

சிங்கப்பூரின் சராசரிக் காற்று ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். சாதாரண மரக்கட்டை ஈரத்தில் உப்பி வளையும். எனவே அலுமினியம் ஏற்றது. இல்லையெனில் எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசிய 18 மில்லிமீட்டர் பிளைவுட்.

மூலைமட்டத்தையே சோதியுங்கள்

ஜாலான் புசார் வட்டார ஹார்டுவேர் கடைகளில் மூலைமட்டம் கிடைக்கும். வாங்கியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. பிரிந்தால், அந்த இடைவெளி உண்மையான பிழையைப்போல் இருமடங்கு.

கட்டுமானத் தளங்களில் கொத்தனார்கள் பார்க்கும் 3-4-5 கணக்கும் உதவும். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 600, மறுபக்கம் 800 மில்லிமீட்டர் குறித்தால், குறுக்களவு சரியாக 1,000 வர வேண்டும்.

ஐந்து வெட்டுச் சோதனை

இறுதித் தீர்ப்பைப் பலகையே சொல்லும். ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் சதுரப் பலகையை எடுத்து முதல் பக்கத்தை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் ஜிக்கை அழுத்தி அடுத்த பக்கம். இப்படியே நான்கு பக்கங்களையும் வரிசையாக வெட்டியபின், ஐந்தாவது வெட்டாக முதல் பக்கத்திலிருந்து 60 மில்லிமீட்டர் அகலத் துண்டை எடுங்கள்.

ஒவ்வொரு மூலையிலும் உள்ள பிழை சேர்ந்து, அந்தத் துண்டில் நான்கு மடங்காகத் தெரியும். காலிப்பரில் ஒரு முனை 61.2, மறுமுனை 60 என்றால் வேறுபாடு 1.2. அதை நான்கால் வகுத்தால், 600 மில்லிமீட்டருக்கு 0.3 பிழை. சுழலும் திருகிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளியுள்ள முனையை 0.15 நகர்த்தினால் போதும். சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மீண்டும் சோதிக்கும்போது வேறுபாடு கூடியிருந்தால், எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும்.

ஜிக், கிளாம்ப் அன்று. கோணத்தை அது காட்டும். பட்டை நழுவாமல் பிடிப்பது கிளாம்பின் வேலை. கண்ணாடி, காதடைப்பு, முகக்கவசம் கட்டாயம். வீவக வீடுகளில் புதுப்பிப்புப் பணிகள் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை மட்டுமே. ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. சொந்தக் கையால் செய்யும் சிறு வேலையானாலும், அண்டைவீட்டார் உறங்கும் நேரத்தில் ரம்பம் ஓடாமலிருப்பதே முறை.

சோதனைக்கு ஒரு பழைய பலகையும் ஒரு மணி நேரமும் செலவாகும். அதைத் தவிர்த்தால், முழு பிளைவுட்டையும் வெட்டி முடித்த பிறகுதான் மூலை சேராதது தெரியும்.