குளத்து மீனும் மாலைச் சமையலும்

மீனைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுந்தால், கயலைக் கண்ணுக்கு உவமை சொல்லி நிறுத்திவிடுவான் என்று மாணவர் நினைப்பர். நம் பழைய புலவர்கள் அவ்வளவில் நிறுத்தியவர்கள் அல்லர். புறநானூற்றின் 399-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் மாங்கனிப் புளியையும் வரால் மீனையும் ஒரே அடுக்களையில் வைத்துக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படையிலோ, நெய்தல் நிலத்து நுளையர் வழிநடந்து வந்த பாணருக்கு உலர்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுக்கின்றனர். நன்னீர் மீனுக்குப் புளி. கடல் மீனுக்கு உப்பும் வெயிலும் நெருப்பும். மீன் சமையலின் இலக்கணத்திற் பாதி இவ்விரண்டு காட்சிகளிலே அடங்கிவிடுகிறது என்பேன். மறு பாதியை நான் கண்டது லக்கலவில்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையேறி, இலுக்கும்புர என்னும் ஊரைக் கடந்து இறங்கினால் லக்கல பல்லேகமப் பகுதி வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மழையெல்லாம் சிற்றாறுகளாய் இறங்கிக் களு கங்கையிற் கூடி, அம்பன் கங்கையைச் சேர்ந்து, பின்னர் மகாவலியோடு கலக்கும் நிலம் அது. எந்தத் திசையிற் போனாலும் கடல் தொலைவு. திருகோணமலையில் இரவிற் பிடிபட்ட மீன் ஹபரணை, தம்புள்ளை என்று இறங்கி ஏறி, மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிய பெட்டியில் அவ்வூர்ப் படலைக்கு வரும்போது, அது கடலை மறந்து எத்தனை நாளாயிற்று என்பதை மீன்காரர் சொல்லமாட்டார். மீனே சொல்லும், கேட்கத் தெரியவேண்டும்.

கண் தெளிந்து புடைத்திருத்தல், செவுள் சிவந்திருத்தல், விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்தல், வயிறு உடையாதிருத்தல் ஆகிய நான்கும் யாவரும் அறிந்தவை. ஆயினும் மலைநாட்டில் பெரிய மீன் துண்டாகவே வருகிறது. கண்ணும் இல்லை, செவுளும் இல்லை, என் செய்வது? துண்டின் நடுமுள்ளைப் பார்க்கவேண்டும். தசை முள்ளை இறுகப் பற்றியிருந்தால் நன்று. முள்ளை விட்டு விலகி, முள்ளோரம் பழுப்பேறியிருந்தால் வாங்கலாகாது. வெட்டுமுகத்தில் வானவில் போன்ற பல நிற மினுக்கம் தெரிந்தாலும் சற்றே ஐயுறுதல் நன்று. அம்மினுக்கம் ஒளி படும் விதத்தாலும் தோன்றக்கூடும் என்பதால், அதனை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பனிக்கட்டி எங்கே இருக்கிறது என்பதே பெரிய சான்று. மீனின் எடைக்கு ஏறக்குறைய ஒத்த எடையில் பனிக்கட்டி, மீனுக்கு மேலும் கீழும் இருக்கவேண்டும். பெட்டியின் மேலே மட்டும் நான்கு கட்டிகளைப் பரப்பி, கீழே நீர் தேங்கவிட்டிருப்பவரிடம் மீன் வாங்குவதிலும் பருப்புக் காய்ச்சுவது மேல்.

சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை ஆகிய இனங்களில் இக்கவனம் சுவையின்பாற்பட்டது மட்டும் அன்று. இம்மீன்களின் தசையில் உள்ள ஒரு சத்து, வெப்பத்திற் கிடக்கும்போது நுண்ணுயிர்களால் ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாறுகிறது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. ஆகையால் 'நன்றாகக் காய்ச்சினேனே' என்பது இங்கே காப்பாகாது. பல ஆண்டுகளுக்கு முன், மாணவர் விடுதி ஒன்றில் இராச்சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்திற்குள் பன்னிரண்டு பிள்ளைகளின் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடித்துப் படுத்ததை நேரிற் கண்டேன். அன்று கறி சூரை மீன். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்து கொடுத்த பின்னர் விடிவதற்குள் தெளிந்தனர். அவர்களுள் ஒருவன், "ஐயா, மிளகு போடாத கறி நாக்கில் மிளகு போல எரிந்தது" என்றான். அது மிக நுட்பமான சொல். அந்த எரிச்சலே அறிகுறி. வாயில் வைத்த மீன் காரணமின்றி மிளகுபோல் உறைத்தால், அக்கவளத்தைத் துப்பிவிட்டுத் தட்டை ஒதுக்கிவிடவேண்டும்.

இவ்வளவு அஞ்சி வாங்கவேண்டிய கடல் மீனுக்குக் காத்திருப்பானேன்? வாசலிலேயே நீர் நிரம்பிக் கிடக்கிறது. களு கங்கைக்கு அணை கட்டி 2018-இல் நீர் தேக்கியபோது பழைய பல்லேகமக் கடைத்தெரு நீருக்குள் மறைந்தது. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. அயலிலே மொரகஹகந்த நீர்த்தேக்கம் அதற்கு முந்தைய ஆண்டே நிரம்பத் தொடங்கியது. வயலும் வீடும் இழந்தோரின் கதை தனியே எழுதவேண்டியது. அதனை ஒரு சமையற் கட்டுரையின் ஓரத்தில் அடக்குவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. இங்கே சொல்லவேண்டுவது, ஆறு ஓடிய இடத்தில் நிற்கும் நீர் வந்தது, நிற்கும் நீரை விரும்பும் மீனும் வந்தது என்பதே.

அவற்றுள் முதன்மையானது திலாப்பியா. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கிருந்து வந்தது என்பதைக் கேளாமலே இதனை 'ஜப்பான் மீன்' என்று அழைப்பாரும் உளர். பெயர் வைப்பதில் நம்மவர் என்றும் தாராளமானவர். நம் நாட்டின் பழங்குளங்கள் நீர்ப்பாசனத்திற்காக வெட்டப்பட்டவை. அவற்றில் உணவுக்கெனப் பெருமளவு மீன் கிடைக்கத் தொடங்கியது இம்மீன் வந்த பின்னரே. 1990-இல் அரசாங்கம் சமயக் காரணங்காட்டி உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தி, 1994-இல் மீண்டும் தொடங்கிற்று. அந்த இடைக்காலத்தைத் தாண்டியும் திலாப்பியா நிலைத்தது. ஆயினும் நடுத்தர வீடுகளில் இதற்கு மதிப்பில்லை. விருந்தினர் வந்தால் அறக்குளா தேடுவர். குளத்து மீன் 'சேறு மணக்கும்' என்பர்.

சேறு மணப்பது உண்மை. ஆனால் அம்மணம் சேற்றினால் வருவது அன்று. தேங்கிய நீரில் வாழும் நுண்பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் ஒரு பொருள், செவுள் வழியாக மீனின் தசையிற் புகுகிறது. புளிப்பு அதனைச் சிதைக்கும். வயிற்றின் உட்புறத்துக் கரிய சவ்வைச் சுரண்டி எறிந்து, உப்பும் தேசிக்காய்ச் சாறும் பிசறிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவினால் குறை பெரும்பாலும் தீரும். ஐயூர் முடவனார் காட்டும் அடுக்களையில் வராலுக்குப் பக்கத்திலே புளி இருந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

வராலைப் பற்றியும் ஒரு சொல். சிங்களத்தார் லூலா என்பர். வராலும், பனையேறிக் கெண்டையும், சுங்கானும் நீருக்கு மேலே வந்து காற்றை உண்ணும் இயல்பின. ஆதலால் வாளியிலே உயிரோடு விலைக்கு வரும். உயிரோடு துள்ளும் மீனுக்குக் கண்ணும் செவுளும் பார்க்கவேண்டிய வேலை இல்லை. நோய்ப்பட்டு எழுந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இது நல்லது என்பது நாட்டு வழக்கு. விலை மட்டும் திலாப்பியாவைப்போல் இரங்காது.

வாங்கலாகாத மீனும் அவ்வூரில் உண்டு. பழுதானது என்பதற்காக அன்று, அரியது என்பதற்காக. களு கங்கையின் படுகையிலே மட்டும் வாழும் ஒரு சிறு கெண்டையினம், 1985-இல் இலங்கைப் பெயரோடு அறிவியலில் பதிவாயிற்று. அது சேர்ந்த பேரினத்துக்கு 2012-இல் டாக்கின்சியா என்று பெயர் மாறிற்று. அம்பன் கங்கை நீர்ப்பரப்புக்கே உரிய இன்னொரு கெண்டை, மார்ட்டென்ஸ்டைன் என்னும் இயற்கையாய்வாளர் பெயரால் 1991-இல் பதிவானது. இரண்டும் ஓடும் நீர் வேண்டுவன. அணைக்கு மேலே, பாறைகளுக்கிடையே ஓடும் கிளையாறுகளில் வீசும் வலையிற் சிக்கும் சிறு மீனை, எண்ணெயிற் பொரிக்கலாமே என்று சிறுவர் கொண்டுவந்தால், நீரில் விடச் சொல்வது பெரியவர் கடன். நீர்த்தேக்கத்தின் திலாப்பியாவை எவ்வளவு தின்றாலும் தின்னலாம்.

இனி அடுப்படிக்குப் போவோம். என் நண்பரும் அவர் துணைவியாரும் அப்பகுதிப் பாடசாலை ஆசிரியர். அவர் சிங்களமும், அம்மையார் கணிதமும் கற்பிப்பவர். மாலையில் வீடு திரும்பி, பிள்ளைகளின் பாடம் பார்த்து, மறுநாட் பாடக்குறிப்பு எழுதி, அதற்கிடையே இராச் சமையல். விருந்து நாளில் மணமணக்கச் சமைப்பது கலை. செவ்வாய்க்கிழமை இரவில், களைத்த கையால், அரை மணி நேரத்தில் சமைப்பதே கல்வி. அம்மையார் செய்த சொதியைக் கூறுகிறேன்.

அரைக் கிலோ மீனுக்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பிளந்த பச்சைமிளகாய் நான்கு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், சிறிது மஞ்சள், கறிவேப்பிலை, இரம்பைத் துண்டு, உப்பு. இவற்றைத் தேங்காயின் இரண்டாம் பாலில் இட்டு வெங்காயம் வேகும் வரை கொதிக்கவைக்கிறார். மீனை அதன்பின்பே இடுகிறார். துண்டு ஒரு விரற்கடைப் பருமன் என்றால் எட்டு நிமிடம் போதும். ஆட்டிறைச்சியில் உள்ளதுபோல் தசையைக் கட்டும் நார் மீனிற் குறைவு. ஆகையால் நெடுநேரம் வேகவைத்தால் மென்மை கூடாது, உலர்ந்து பொடியும். தசை வெண்மையாகி முள்ளை விட்டு இளகியதும் முதற்பாலை ஊற்றி, ஒரு கொதி எழுமுன் இறக்கிவிடவேண்டும். அகப்பையிட்டுக் கிண்டக்கூடாது, சட்டியையே பிடித்து ஒரு சுழற்று. தேசிக்காய் பிழிவது இறக்கிய பின். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரைந்துவிடும். சோறு வேறு அடுப்பில் வெந்துகொண்டிருக்க, எல்லாம் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நான் கைக்கடிகாரம் பார்த்தேன். பரீட்சை மண்டபத்துப் பழக்கம்.

ஞாயிறு மாலையில் அவர் செய்வது வேறு. கொறுக்காய்ப்புளி நான்கு துண்டை ஊறவைத்து அரைத்து, அவ்வூர்த் தோட்டத்து மிளகுத்தூள் ஒரு மேசைக்கரண்டியும் உப்பும் கூட்டி, மீன் துண்டுகளில் அப்பி, மண்சட்டியில் ஒரே அடுக்காக வைத்து, மூழ்காத அளவு நீர் விட்டு, மெல்லிய நெருப்பில் வற்றவிடுகிறார். சிங்களத்தார் இதனை அம்புல் தியல் என்பர். தென்மாகாணத்தில் சூரையிலும் கெலவல்லாவிலும் செய்வது. புளிப்பு மிகுதியால் நுண்ணுயிர் எளிதில் வளராது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்திலேயே நாட்கணக்கில் வைத்து உண்டார்கள். திங்கள் இரவு அதனோடு ஒரு கீரைச் சுண்டலும் பருப்பும் சேர்ந்தால் வேலை முடிந்தது. குளிர்ப்பெட்டி உள்ள வீட்டார் அதில் வைப்பதே நன்று. பழுதான மீனைக் கொறுக்காய் நல்ல மீனாக்கிவிடாது. மேலே சொன்ன ஹிஸ்டமினுக்கு இந்தப் புளியும் மாற்றன்று. புதிய திலாப்பியாவில் அம்மையார் இதனைச் செய்து பார்த்திருக்கிறார். துண்டு சற்றே உடைகிறது என்றார். நீரைக் குறைத்து, துண்டைப் பருமனாக வெட்டி, தோலை உரிக்காமல் விட்டால் உடையவில்லையாம்.

கருவாடும் தகரத்தில் அடைத்த மீனும் மழைநாளுக்கு உதவுவன. உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளோர் நாளும் நாடுதல் தகாது. வரால் வாங்கினால் தலையை எறியாமல் மறுநாட் சொதிக்கு எடுத்துவைக்கலாம். முதல் இரவே உப்பும் மஞ்சளும் தடவி, மூடிக் குளிரில் வைத்துவிட வேண்டும். அந்தத் தலைச் சொதிக்குப் பச்சைமிளகாயைக் குறைத்து, மிளகை நறுக்காகத் தட்டிப் போடுவது லக்கல வழக்கம்.